எந்தக் கை?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேலதிகாரி பார்வையிட வந்து ஏதாவது கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. வாத்தியார் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து "நீ சொல்லு" என்பார். பதில் டாண் டாண் என்று வரும். வந்தவர் மனம் குளிர்ந்து, காபி குடித்து, நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார். இதைக் கேட்டால் எல்லாருக்கும் சிரிப்பு வருகிறது. நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வருவதில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னமும் என்னோடு மல்லுக்கு நிற்க அங்கே ஆள் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் பஸ் நிற்கும். கை காட்டினால் நிற்கும், டிரைவருக்கு மனசு இருந்தால். அங்கே இறங்கி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளின் ஓரமாக நடந்தால் முதலில் காலனி, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் ஊர். எண்பத்து நாலாம் வருஷம் ஜூன் மாதம் அங்கே மாற்றலாகிப் போனேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். என் பெயர் இருதயமேரி. வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீளமான ஹால். நடுவில் சுவர் கிடையாது. ஒரு முனையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைத் தலைமை ஆசிரியர் அரங்கநாதன் பார்த்துக்கொள்வார். மறு முனையில் நாலும் ஐந்தும் எனக்கு. அவர் பாடம் எனக்குக் கேட்கும், என் கத்தல் அவருக்குக் கேட்கும்.

அரங்கநாதன் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் பேஜாரே. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பிள்ளைகளை அடித்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் இருக்கும். சத்துணவுச் சோற்றில் கல் கிடந்தால் ஆயாவிடம் சண்டை போடுவார். ஆனால் பிள்ளைகளை மூன்று வரிசையாகப் பிரித்து வைத்திருந்தார். முன் வரிசைக்கு ஓடுற வண்டி என்று பெயர். நடு வரிசை தள்ளுற வண்டி. சுவரோரம் கடைசியில் இருப்பது நிக்கிற வண்டி. முதல் வகுப்பில் எந்த வண்டியில் ஏறினதோ, ஐந்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அதே வண்டிதான்.

நிக்கிற வண்டிப் பிள்ளைகளிடம் அவர் எதுவும் கேட்க மாட்டார். தண்ணீர்க் குடம் நிரப்ப, பெருக்க, அரிசியில் கல் பொறுக்க அனுப்புவார். வந்த புதிதில் நான் கேட்டேன்.

"ஏன் சார், அதுங்களுக்குப் பாடமே கிடையாதா?"

"தொந்தரவு பண்ணாதீங்க டீச்சரம்மா, பாவம்" என்றார். "கேட்டா முழிக்கும். மத்ததுங்க சிரிக்கும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வராது. வந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போவட்டுமே."

அவர் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இரக்கப்பட்டே ஒரு வரிசைப் பிள்ளைகளைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருக்கிறாரே இந்த மனுஷர் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வரிசையில்தான் அஞ்சம்மாள் இருந்தாள். ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது வருஷம். காலனிப் பெண். அப்பா இல்லை. அம்மா முனியம்மாள் கரும்பு வெட்டுக் காலத்தில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போய்விடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு இருந்துவிட்டுப் போவாள். அந்த நாட்களில் அஞ்சம்மாள் பெரியம்மா வீட்டில் கிடப்பாள். கேள்வி கேட்கிற வாடை அடித்தாலே இடது கையைத் தூக்கிவிடுவாள். கேள்வி முடிகிற வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகின கை அது.

அரங்கநாதன் அந்தக் கை தூக்குகிற வழக்கத்தை எனக்கு ஒத்திகை காட்டிய அன்று நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "இதென்ன சார் அநியாயம், இதுக்குப் பேர் பள்ளிக்கூடமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க வாத்தியாரு எனக்குச் சொல்லிக் குடுத்தது டீச்சரம்மா. நான் ரிட்டயர் ஆவுற வரைக்கும் ஒரு ரிமார்க் இல்லாம ஓடிடணும், அவ்ளோதான்" என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கோபம் கொஞ்சம் ஆறினபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஏமாற்று வேலைதான். ஆனால் தெரியாது என்பதை ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இடது கையைத் தூக்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சிரிப்பதில்லை. இதை அதிகாரிக்கு மட்டும் ஏன் வைத்திருக்க வேண்டும்?

மறுநாளே ஹாலில் என் பக்கத்தில் சட்டத்தை மாற்றினேன். தினமும் எல்லாக் கேள்விக்கும் எல்லாரும் கை தூக்க வேண்டும். வலது கையிடம் நான் பதில் கேட்க மாட்டேன். இடது கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலில் போவேன். வலது கை தூக்கினவர்கள் எழுந்து போய் ஆளுக்கொரு இடது கைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடது கை இறங்கி வலது கை ஏறுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. வண்டி வரிசையெல்லாம் கலைந்து போயிற்று. முதல் வாரம் சந்தைக்கடை இரைச்சல். அரங்கநாதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தது கிருஷ்ணவேணி. ஊரில் பம்புசெட் வைத்து நெல்லும் கரும்பும் போடுகிற அப்பாதுரையின் மகள்; படு சூட்டிகை. முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அஞ்சம்மாள் லேசில் பிடிபடுகிற பிள்ளை இல்லை. காலையில் வந்த எழுத்து மத்தியானச் சோறு தின்றதும் மறந்து போகும். கிருஷ்ணவேணிக்குப் பெருமூச்சு வரும். என்னைப் பார்ப்பாள். நான் கண்டுகொள்ள மாட்டேன். சொல்லிக் கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் அவளாகவே வழி கண்டுபிடித்தாள். மல்லாட்டைத் தோலைத் தரையில் அடுக்கி எழுத்து செய்தாள். அஞ்சம்மாளின் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டினாள். விரலைப் பிடித்த பிறகு அந்த ஒரு முழ இடைவெளி எப்படி இருக்கும்?

அப்பாதுரை சைக்கிளில் வந்து நின்றார். "இன்னா டீச்சர், எம்பொண்ணு படிக்க வருதா, காலனிக்குப் பாடம் சொல்ல வருதா?"

"உங்க பொண்ணுக்குக் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு போன மாசம் வரைக்கும் தப்பாத்தான் வந்தது. அஞ்சம்மாளுக்குச் சொல்லிக் குடுத்துதான் அதுக்கே புரிஞ்சது. வேணும்னா இப்பவே போட்டுக் காட்டச் சொல்றேன்" என்றேன்.

அவர் என்னை முறைத்துவிட்டு, அரங்கநாதனைப் பார்த்து, "வாய்ல எண்ணெயா ஊத்திக்கினு வருது இந்தம்மா?" என்று சொல்லிவிட்டுப் போனார். கிருஷ்ணவேணியை இடம் மாற்றச் சொல்லி மறுபடி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டு சாயங்காலம் புளியமரத்தடிக்குப் போனேன். அங்கே அஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். விழுப்புரம் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடினாள். நிற்காமல் போகிற பஸ்ஸின் பின்னாலும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் தூசியோடு திரும்பி வந்தாள்.

"என்னடீ இது கூத்து?"

"அம்மா வர்ற பஸ்ஸு எதுன்னு தெர்ல டீச்சர். கீழ ஆளு கை காட்லன்னா அம்மா கேட்டாலும் நிறுத்த மாட்டாங்க. எது நிக்காம பூட்டாலும் அதுல அம்மா இருக்குமோன்னு பயமாக்குது."

"அம்மா எந்த ஊர்லேர்ந்து வருது?"

"திருவெண்ணெய்நல்லூரு."

"பஸ்ஸு நெத்தியில போர்டு இருக்குல்ல? அதுல போற ஊரு பேரோட அந்தப் பேரும் எழுதியிருக்கும். அது உள்ள பஸ்ஸுக்கு மட்டும் கை காட்டு. மத்ததுக்கு எதுக்கு ஓடுறே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது! அத்தனை வருஷம் பள்ளிக்கூடம் வந்தவளுக்குப் படிப்பு எதற்கு என்று அன்றைக்குத்தான் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை அவளே வந்து கேட்டாள். அந்தப் பெயர்தான் வேண்டும், வேறு பாடம் வேண்டாம் என்று பிடிவாதம். சின்னப் பெயரா அது? கொம்பும் கொக்கியும் சுழியும் ஒற்றுமாக ஒரு மைல் நீளம். திண்டிவனத்தில் 'தி' இருக்கிறது, விழுப்புரத்தில் 'ரு' இல்லாவிட்டாலும் அதன் தம்பி 'ர' இருக்கிறது என்று பஸ் போர்டுகளாகவே பாடத்தை மாற்றினேன். மயிலம், செஞ்சி, பாண்டி, வளவனூர் என்று எல்லா ஊரையும் சுவரில் கரியால் எழுதினோம். கிருஷ்ணவேணி விசில் அடித்து பஸ் நிறுத்துவாள். அஞ்சம்மாள் போர்டைப் படித்தால்தான் பஸ் கிளம்பும். நிக்கிற வண்டி வரிசையிலிருந்த மற்றப் பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, ஓர் அழுக்குப் பச்சை பஸ் தூரத்தில் வரும்போதே அவள் எழுத்தெழுத்தாகப் பிய்த்துப் பிய்த்துப் படித்தாள். "தி... ரு... வெ... ண்... ணெ..." முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. கை காட்டினாள். நின்றது. முனியம்மாள் இறங்கினாள்.

மாதாவே! நான் அன்றைக்கு அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

முனியம்மாள் அழவில்லை. கரும்புச் சோகை கிழித்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "டீச்சரம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இந்த வர்சமாவது இது பாஸ் பண்ணுமா? விழுப்புரத்துல ரயில்வே காலனில ஒரு வூட்ல கொழந்தையப் பாத்துக்க ஆளு கேக்குறாங்க. நல்ல மனுசாளுங்க. வயசுக்கு வர்ற புள்ளைய எங்கக்கா வூட்ல எத்தினி நாளு வுட்டுவெக்கிறது? ஆறாங்கிளாஸ் போச்சின்னா திண்டிவனத்துல ஆஸ்டல்ல சேத்துடலாம். பெயிலுன்னா இட்டுக்கினு போயி வுட்டுடுவேன்."

"பாஸ் பண்ணுவா. என்னை நம்பு" என்றேன்.

அந்த வருஷம் ஒரு புதுச் சிக்கல் இருந்தது. எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தன் பெயரே எழுதத் தெரியவில்லை என்று யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். அதனால் ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது வருஷம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை உதவிக் கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ.வே பார்வையிட வரும்போது படிக்க வைத்துப் பார்த்து, மேலே அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்வார் என்று ஏற்பாடு. எங்கள் பள்ளியில் அப்படி இருந்தது அஞ்சம்மாள் ஒருத்திதான்.

அவர் வருவதற்கு முந்தின நாள் அரங்கநாதன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "டீச்சரம்மா, அந்தப் பொண்ணை நாளைக்கு லீவு போடச் சொல்லிடலாமா? அத்தினி பேரு முன்னாடி நின்னு முழிக்கும்."

"அவ படிப்பா சார்."

"நீங்க சொல்றீங்க" என்று சிரித்தார். குழந்தை நிலாவைப் பிடித்துத் தருவதாகச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி.

ஏ.இ.ஓ. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை வந்தார். அவரும் நல்ல மனுஷர்தான். என்னவோ என் கதையில் எல்லாரும் நல்லவர்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து, சாக்பீஸை எடுத்தார். "நம்ம தென்னார்க்காடு மாவட்டத்து ஊருங்க சிலதை எழுதுறேன். பாப்போம்" என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினார். திண்டிவனம். விழுப்புரம். செஞ்சி. கடைசியாக, பிள்ளைகளை மடக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்க வேண்டும், திருவெண்ணெய்நல்லூர்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் சாமி இறங்கி வந்து சாக்பீஸைப் பிடித்திருக்கிறது என்றே நினைத்தேன்.

"கடைசி ஊரை யாரு படிப்பீங்க?"

எல்லாக் கையும் ஏறியது. அஞ்சம்மாளின் கையும் ஏறியது. வலது கை. சட்டையின் கக்கத்துத் தையல் விட்டிருந்தது தெரிகிற அளவுக்கு உயரத் தூக்கியிருந்தாள். அவள் வாழ்க்கையில் அதிகாரி முன்னால் வலது கை தூக்கினது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பல். ஏ.இ.ஓ. அவளைப் பார்த்துவிட்டார். விரலை நீட்டினார். "எங்கே, நீ..."

அரங்கநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தனை வருஷம் இடது கை தூக்கின பிள்ளை. பதற்றத்தில் கை தடுமாறிவிட்டது என்று நினைத்தார். ஐயோ பாவம், மாட்டிக்கொண்டாளே என்று நினைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் தலையை ஆட்டினதையும் பார்க்கவில்லை. விறுவிறு என்று அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு காதாக, ரொம்ப அன்பாகச் சொன்னார். சுவரில்லாத ஹால், எல்லாருக்கும் கேட்டது.

"அந்தக் கை இல்லைம்மா. கையை மாத்து."

அஞ்சம்மாள் அவரைப் பார்த்தாள். தூக்கியிருந்த தன் கையைப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் அவளுக்குக் கையைப் பழக்கினவர் அவர்தானே? தனக்குத் தெரியுமா தெரியாதா என்பது தன்னைவிட சாருக்குத்தான் தெரியும் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது. வலது கையை இறக்கினாள். இடது கையைத் தூக்கினாள்.

ஏ.இ.ஓ. நீட்டின விரலை மடக்கிக்கொண்டார். "சரி, நீ உட்காரும்மா" என்றார். பக்கத்தில் கிருஷ்ணவேணியைக் காட்டினார். "நீ படி."

கிருஷ்ணவேணி எழுந்தாள். போர்டைப் பார்க்கவில்லை. "அஞ்சம்மாளுக்குத் தெரியும் சார்" என்றாள்.

"உன்னைத்தானே படிக்கச் சொன்னாங்க" என்றார் அரங்கநாதன்.

நான் முன்னால் போய்விட்டேன். "சார், அவ படிப்பா. நல்லாப் படிப்பா. கொஞ்சம் நேரம் குடுங்க" என்று ஏ.இ.ஓ.விடம் சொன்னேன்.

"தாராளமா. படிக்கச் சொல்லுங்க."

அஞ்சம்மாளை எழுப்பி நிறுத்தினேன். கை இன்னும் இறங்கவில்லை. "அம்மா வர்ற பஸ்ஸுடீ. போர்டைப் பாரு. தி..." என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அரங்கநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. உதடு ஒட்டிக்கொண்டது. நான் "தி" என்றேன், "ரு" என்றேன், என் குரல் எனக்கே கத்தலாகக் கேட்டது.

"விடுங்கம்மா. பயப்படுது பாருங்க. சின்னப் பொண்ணுதானே, இன்னொரு வருஷம் இருக்கட்டும்" என்றார் ஏ.இ.ஓ. எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் ஜீப் போன பிறகு நான் அரங்கநாதனைப் பிடித்துக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத முடியாது. நல்ல வார்த்தைகள் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவமானப்படக் கூடாதேன்னுதானே டீச்சரம்மா சொன்னேன்" என்றார். அப்புறம், "நெசமாவே அதுக்குத் தெரியுமா?"

"எத்தனை தடவை சார் சொன்னேன் உங்ககிட்ட?"

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் அஞ்சம்மாளைக் கூப்பிட்டு, போர்டில் அழிக்காமல் இருந்த அந்தப் பெயருக்கு முன்னால் நிறுத்தி, பெப்பர்மிண்ட்டைக் கையில் வைத்து, "எங்கே, சாருக்குப் படிச்சிக் காட்டும்மா, படிச்சிக் காட்டினா நானே ஆபீசுக்குப் போயி அவர்கிட்டச் சொல்றேன்" என்று கெஞ்சினார். அவள் பெப்பர்மிண்ட்டை வாங்கிக்கொண்டாள். இடது கையைத் தூக்கினாள். மறுநாள் நான் கேட்டபோதும் அதே கை. கிருஷ்ணவேணி மல்லாட்டைத் தோலை அடுக்கினால் தோலைக் கலைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அரங்கநாதன் ஏ.இ.ஓ. ஆபீசுக்குப் போய்ச் சொல்லத்தான் செய்தார். எழுதினது எழுதினதுதான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை முனியம்மாள் வந்தாள். அந்தத் தடவை யாரும் புளியமரத்தடியில் கை காட்டவில்லை. பஸ் அடுத்த ஊரில் நின்று, அவள் நடந்து வந்தாளாம். நான் காலனிக்கே போய்ப் பேசினேன். இன்னும் ஒரு வருஷம், நான் பொறுப்பு, என் வீட்டில்கூட வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"படிக்குது படிக்குதுன்றீங்க டீச்சரம்மா. ஆபீசரு கேட்டப்ப முழிச்சிக்கினு நின்னுச்சாமே?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏய், நீயே சொல்லு. படிப்பு வருமா உனுக்கு?"

அஞ்சம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த திங்கட்கிழமை முனியம்மாள் அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள்.

மே மாதம் விழுப்புரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. தலைப்பைக் கேளுங்கள்: வகுப்பறையில் மெல்லக் கற்கும் பிள்ளைகளை ஈடுபடுத்துவது எப்படி. பேசினது அதே ஏ.இ.ஓ. மின்விசிறி சுற்றச் சுற்ற அவர் பேச்சு காற்றில் வந்தது. எல்லாப் பிள்ளையும் பங்கேற்க வேண்டும், யாரையும் விட்டுவிடக் கூடாது என்றார். எங்கள் பள்ளியின் பெயரையே எடுத்துச் சொன்னார். "அங்க போய்ப் பாருங்க, ஒரு கேள்வி கேட்டா ஒரு பிள்ளைகூடச் சும்மா உக்காந்திருக்காது. எல்லாக் கையும் மேல இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அந்த எரிச்சல் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். "எந்தக் கைன்னு பாத்தீங்களா சார்?"

ஹாலே சிரித்தது. அத்தனை வாத்தியார்களும் டீச்சர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: எல்லாருக்கும் தெரியும். எல்லாப் பள்ளியிலும் அதேதான். ஏ.இ.ஓ.வும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நானும் வாத்தியாரா இருந்தவன்தானேம்மா. அன்னைக்கு அந்தப் பொண்ணு வலது கை தூக்குச்சேன்னுதான் காட்டுனேன். கையை மாத்துச்சு, புரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு மேல கேட்டுச் சங்கடப்படுத்தலாமா?" என்றார்.

பக்கத்திலிருந்த டீச்சர் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். நான் உட்கார்ந்தேன். காபி வந்தது, குடிக்கவில்லை.

பயிற்சி முடிந்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். திண்டிவனம் பஸ்ஸுக்காக நிற்கும்போது பார்த்தேன். எதிரே அஞ்சம்மாள். நல்ல பாவாடை சட்டை, தலையில் எண்ணெய், இடது இடுப்பில் கொழு கொழு என்று ஒரு குழந்தை. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை, அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று உடனே தெரிந்தது. அவளுக்கு முன்னால் அந்த அழுக்குப் பச்சை பஸ் நின்றது. நெற்றியில் போர்டு, அவள் மூக்குக்கு நேராக. அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, படியில் நின்ற கண்டக்டரிடம் கேட்டாள்.

"அண்ணே, இது எந்த ஊரு பஸ்ஸு?"

ஓடிப் போய்த் தோளைத் தொட்டேன். "டீச்சர்!" என்று சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்புதான், ஒரு மாற்றமும் இல்லை.

"ஏண்டீ, அவரை எதுக்குக் கேக்குறே? உனக்குப் படிக்கத் தெரியுமே. இங்க யாரும் இல்லடீ. சாரு இல்ல, ஆபீசர் இல்ல. நான்தான் இருக்கேன். போர்டைப் படி, பாப்போம்."

அஞ்சம்மாள் போர்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். கர்த்தரே, வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவள் குழந்தையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறம் இடது கையைத் தூக்கினாள்.